ஆடு கடித்த கிலுகிலுப்பை

1

"தாராவியில ஏதுக்கா பட்டாம்பூச்சி? ஒம் மவ கம்ப்யூட்டர்ல செஞ்சு போட்டிருக்கா" என்று மேலப்பாளையத்திலிருந்து என் தங்கச்சி மும்தாஜ் போனில் சொன்னாள். என் மகள் ஷிஃபா தன் ஸ்டேட்டஸில் ஒரு படம் போட்டிருந்தாள். எங்கள் வீட்டு மொட்டை மாடி, வெட்டிப் போட்ட காய்ந்த செடிக் குவியல், அதன்மேல் உட்கார இடமில்லாமல் முட்டி மோதும் பட்டாம்பூச்சிகள். ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. ஆளுக்கொரு தடவை போனில் விளக்கி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் பத்தாவது வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நடந்தது நடந்தபடிதான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கீழே தோல் பை தைக்கும் பட்டறை. என் வீட்டுக்காரர் காதரும் நாலு தொழிலாளிகளும் அங்கே. அதற்கு மேலே ஒற்றை அறை, அதில் நாங்கள் மூன்று பேர். அதற்கும் மேலே இரும்பு ஏணி வைத்து ஏறும் மாடி. தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியும் போக மிச்சமிருக்கும் இடத்தில் ரெண்டு பாய் விரிக்கலாம். பக்கத்து மாடிக்கும் எங்கள் மாடிக்கும் நடுவில் முழங்கால் உயரச் சுவர். அங்கே ஷப்னம் பாபி, உத்தரப்பிரதேசத்துக்காரர். பாபி என்றால் இந்தியில் அண்ணி.

செடி கொடியில் எனக்கு ஒரு ஞானமும் கிடையாது. ஊரில் பீடி சுற்றிக்கொண்டிருந்தவள் நான். எனக்குத் தெரிந்த ஒரே இலை பீடி இலைதான். வாய்க்கால் கரையில் என்ன பூத்தது என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. திரும்பிப் பார்த்ததே இல்லை.

அப்படிப்பட்டவள் ஒருநாள் செம்பூரில் ஒரு கடைக்குப் பைகளைக் கொடுத்துவிட்டு ஹார்பர் லைன் ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். சுனாபட்டி ஸ்டேஷன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றுவிட்டது. இங்கே வண்டி நிற்பது புதிதில்லை. பெண்கள் பெட்டியில் ஒருத்தி பட்டாணி உரித்தாள், ஒருத்தி போனில் சண்டை போட்டாள். நான் கதவோரம் நின்று வெளியே பார்த்தேன். சுவருக்கு அந்தப்புறம் குப்பை மண் கொட்டிய திடலில் இடுப்பளவு மஞ்சள் பூச்செடிகள் கூட்டமாக நின்றன. அவற்றில் பாதி காய்ந்துபோயிருந்தது. அந்தக் காய்ந்த குச்சிகள் அசைந்தன. காற்றே இல்லை, குச்சி மட்டும் அசைகிறது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். குச்சி முழுக்கப் பட்டாம்பூச்சி! கறுப்புச் சிறகில் வெளிர்நீலக் கோடுகள். நூறோ இருநூறோ, யார் கண்டார்கள்.

"தேக்கோ, தேக்கோ!" என்று கையை நீட்டிக் காட்டிக் கத்திவிட்டேன். பட்டாணிக்காரி எட்டிப் பார்த்து, "அரே வாஹ்" என்று சொன்னதோடு மறுபடி உரிக்கப் போய்விட்டாள். வண்டி கிளம்பியது. எனக்குத்தான் வீடு வந்து சேரும்வரை யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. நல்லதை ஒண்டியாகப் பார்த்துவிட்டால் வருமே, அந்தத் தவிப்பு.

2

மறுநாளே போனேன். சுனாபட்டியில் இறங்கி, சாலைப் பக்கமாகச் சுற்றி, அந்தத் திடலைக் கண்டுபிடித்தேன். ஒரு பூ, ஒரு இலை, நாலைந்து காய்ந்த காய்கள் பறித்துத் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டேன். திரும்பி நடக்கும்போது முடிச்சு 'கலகல'வென்று சத்தம் போட்டது. காய்க்குள் விதை ஆடுகிறது!

ஷிஃபா மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் தாவரவியல் இரண்டாம் வருஷம். வீட்டில் நான் தமிழில் கேட்டால் அவள் பெரும்பாலும் இந்தியில்தான் பதில் சொல்வாள்; நான் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன். தமிழ் எழுத்தைப் பார்த்தால், "எல்லாம் ஜிலேபி மாதிரி இருக்கு அம்மி" என்பாள். அம்மாவை அவள் அம்மி என்றுதான் கூப்பிடுவாள். மும்பையில் பிறந்து வளர்ந்த பிள்ளை. இன்னொன்றும் உண்டு. கல்லூரியில் யாராவது வீடு எங்கே என்று கேட்டால், "சயான்" என்று பக்கத்து ஸ்டேஷன் பெயரைச் சொல்லிவிடுவாள். ஒரு சிநேகிதியையும் வீட்டுக்குக் கூட்டி வந்ததில்லை. எனக்குத் தெரியும். நான் கேட்டதில்லை.

அவள் முன்னால் முடிச்சை அவிழ்த்து, "இது ஆவாரம்பூ" என்றேன் பெரிய பண்டிதை மாதிரி.

அவள் இலையைப் போனில் படமெடுத்து ஏதோ ஆப்பில் போட்டாள். "இல்ல அம்மி, இது சன் ஹெம்ப். கயிறு திரிக்கிற சணல்." பூவைப் படமெடுத்தாள். ஆப் வேறொரு பெயர் சொன்னது. காயைப் படமெடுத்தாள். அது பட்டாணி என்றது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த காதர் காயை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். "புள்ளைய தொட்டில்ல போட்டு ஆட்டுவாவளே, அந்த கிலுகிலுப்பை மாதிரில்லா இருக்கு" என்றார்.

ஷிஃபா கல்லூரி மேடத்திடம் படங்களைக் காட்டினாள். மேடம் உடனே பெயர் சொல்லவில்லையாம். மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். இலை நுனி எப்படி? பூவின் பின்பக்கம் என்ன நிறம்? காயில் ரோமம் உண்டா? அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் குழல்விளக்குக்குக் கீழே தலையோடு தலை முட்டி உட்கார்ந்தோம். இலை அடியில் குறுகி, மேலே போகப் போக அகன்று, நுனியில் நகத்தால் கிள்ளியது போல ஒரு சின்னப் பள்ளம். பூவின் முதுகில் சிவப்பும் ஊதாவுமாக மெல்லிய கோடுகள். காய் வழவழப்பு, ரோமமே இல்லை.

"அப்ப அதுதான். க்ரோட்டலேரியா" என்று மேடம் சொல்லியனுப்பினார். இந்த மண்ணிலேயே தானாக முளைக்கிற புல்வெளிச் செடி. மராட்டியில் 'குள்குளா'வாம். சுவருக்கு அந்தப்பக்கம் ஷப்னம் பாபியிடம் காயை ஆட்டிக் காட்டினேன். "ஜுன்ஜுனா!" என்று தன் ஊர்ப் பெயரைச் சொன்னார். தமிழ்ப் பெயரை ஷிஃபா இணையத்தில் தேடி, எழுத்துக் கூட்டிப் படித்தாள்: "கி... லு... கி... லுப்..." காதர் தட்டிலிருந்து தலை தூக்கினார். "கிலுகிலுப்பையா? நான் அன்னைக்கே சொன்னேம்லா!"

மூன்று மொழிக்காரர்களும் தனித்தனியே காதருகே ஆட்டிப் பார்த்து, கேட்ட சத்தத்தையே பெயராக வைத்திருக்கிறார்கள்.

3

வளர்த்தே தீருவது என்று முடிவெடுத்தேன். "ரோஜா வையி, முல்லை வையி, வேண்டாங்கல. குப்பைமேட்டுச் செடிய யாராவது வீட்டுக்குக் கொண்டாருவாவளா?" என்றார் காதர். நான் காதில் வாங்கவில்லை. பழைய பிளாஸ்டிக் பிரிக்கிற சந்தில் போய், சோப்புத் தண்ணீர் வந்த நீல டிரம்களாகப் பார்த்து இரண்டு வாங்கி, குறுக்கே அறுத்து நாலு தொட்டி ஆக்கினேன். கும்பார்வாடாவில் குயவர்கள் ஒதுக்கியிருந்த உடைந்த ஓடுகளை அள்ளி அடியில் போட்டேன். மண் நிரப்பி விதை தூவினேன். முளைக்கவில்லை. மறுபடி தூவினேன். அதுவும் முளைக்கவில்லை.

சரி, தோட்டத் துறைக்காரர்களிடம் கேட்போம் என்று வார்டு ஆபீசுக்குப் போனேன். இங்கேதான் என் இந்தி என்னைக் கவிழ்த்தது. இத்தனை வருஷமாய்ப் பேசுகிற மொழிதான், ஆனால் ஜன்னலுக்கு முன்னால் நின்றதும் 'தித்லி' என்ற வார்த்தை மறந்துபோயிற்று. பட்டாம்பூச்சியும் பூச்சிதானே என்று 'கீடா' என்றேன். கலர் கலராகக் கீடா.

"வீட்டில் எத்தனை இருக்கிறது?" என்றார் உள்ளே இருந்தவர், நிமிராமல்.

"இப்ப ஒண்ணுகூட இல்ல. நிறைய வேணும்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மிக மரியாதையாக இன்னொரு ஜன்னலைக் காட்டினார். அங்கே போனேன். அங்கிருந்து மாடிக்கு அனுப்பினார்கள். மாடியில் ஒருவர் என் விலாசத்தைக் கவனமாக எழுதிக்கொண்டு, "கவலைப்படாதீங்க தாயி, நாளைக்கே புகை அடிக்க ஆள் வரும்" என்றார் இந்தியில். நான் மூன்று தடவை நன்றி சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் கொசு மருந்து மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் வாசலில் வந்து நின்றபோதுதான் விஷயமே புரிந்தது. டீ கொடுத்து அனுப்பினேன். ஷிஃபா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விதை ஓடு ரொம்ப கட்டியா இருக்கும் அம்மி. தண்ணி உள்ள போக வழி வேணும். தேய்க்கணும்" என்றாள்.

தேய்ப்பதற்கா எங்கள் வீட்டில் பஞ்சம்? தோல் ஓரம் தேய்க்கிற உப்புத்தாள் பட்டறையில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. பள்ளிக்கூடமெல்லாம் திறந்து மழை பிடித்த வாரம், ரெண்டு உப்புத்தாளுக்கு நடுவே விதைகளை வைத்து லேசாக உரசினேன். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டேன். காலையில் விதைகள் உப்பியிருந்தன. நட்டேன். அந்த வாரத்துக்குள்ளேயே நாலு தொட்டியிலும் பச்சை! காதரை ஏணியில் ஏற்றிக் காட்டினேன். "ம்" என்றார். அவர் 'ம்' என்றால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

4

மழை விட்டதும் பூத்தது. சரஞ்சரமாக மஞ்சள். கருவண்டுகள் வந்தன, கட்டைவிரல் தண்டியில், ரீங்காரத்தோடு. எறும்பு வந்தது. தேனீ வந்தது. நான் காத்திருந்த நீலக் கோட்டுக்காரர்கள் மட்டும் வரவில்லை. காலையில் துணி காயப்போடும் சாக்கில், மத்தியானம் வடகம் திருப்பும் சாக்கில் ஏறி ஏறிப் பார்த்தேன். ஷிஃபாவும் காலேஜ் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல், "வந்துச்சா?" என்பாள். மேலே நாலு பச்சைத் தொட்டி, அதற்கு மேலே மும்பை ஆகாயம், அவ்வளவுதான்.

வந்தது சுல்தான். ஷப்னம் பாபியின் ஆட்டுக்கிடா. வரும் பக்ரீதுக்குக் குர்பானி கொடுக்க என்று குட்டியில் வாங்கி, தன் மாடியிலேயே கட்டி வளர்க்கிறார். புருஷன் தவறிய பிறகு அவர் தன் கையால் கொடுக்கப்போகும் முதல் குர்பானி. குளிப்பாட்டி, முதுகு சீவி, கழுத்தில் மணி கட்டி வைத்திருப்பார். அன்று அது கயிற்றை அறுத்துக்கொண்டு, அந்த முழங்கால் சுவரைத் தாண்டி வந்துவிட்டது. நான் சத்தம் கேட்டு ஏறியபோது முன்வரிசையில் ஒரு செடியை மென்றுகொண்டிருந்தது. இன்னொன்று முறிந்து தொங்கியது.

என் செடி போச்சே என்றுதான் முதலில் நினைத்தேன். ஆட்டைச் சுவருக்கு அந்தப்பக்கம் விரட்டிவிட்டுக் கீழே வந்து ஷிஃபாவிடம் சொன்னேன். அவள் பதறி எழுந்தாள்.

"அம்மி, அது விஷம். ஆடு மாடு தின்னா ஈரல் கெட்டுப்போகும். விதைலதான் ரொம்ப ஜாஸ்தி."

"இத ஏன்ளா முன்னயே சொல்லல?"

"நம்ம வீட்ல ஆடு எங்க இருக்குன்னு நினைச்சேன்!"

மறைக்க மனசு ஒப்பவில்லை. நேரே போய் ஷப்னம் பாபியிடம் சொன்னேன். அவர் சுல்தானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மேரே பச்சே கோ ஜஹர் கிலா தியா!" என்று அலறினார். என் பிள்ளைக்கு விஷம் ஊட்டிவிட்டாயே என்கிறார். சந்தே கூடிவிட்டது. டாக்சிக்காரர்கள் ஆட்டை ஏற்ற மாட்டேன் என்றார்கள். காதர் பை ஏற்றும் டெம்போவை எடுத்தார். நானும் பாபியும் பின்னால் ஆட்டை மடியில் போட்டு உட்கார்ந்தோம். வழியெல்லாம் அவர் என்னோடு பேசவில்லை. நான் துஆ ஓதிக்கொண்டே வந்தேன்.

மிருக டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், எத்தனை இலை, காய் தின்றதா என்று கேட்டார். காய் இன்னும் முற்றவில்லை, கொஞ்சம் இலைதான் என்றேன். "கொஞ்சம் என்றால் தாங்கிவிடும். தண்ணீர் நிறையக் கொடுங்கள். ரெண்டு நாள் பாருங்கள். இனி கிட்டவே விடாதீர்கள்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நானே அரிவாளை எடுத்தேன். காதர் தடுக்கவில்லை. "ஒரு விதவைப் பொம்பள ஆசையா வளக்கா. நாம பாவத்த சொமக்க வேண்டாம்" என்றார். சரிதானே. முன்னால் இருந்த மூன்று தொட்டிச் செடிகளையும் அடியோடு வெட்டி ஓரமாகக் குவித்து, ஆடு தொடாதபடி பழைய இரும்புக் கட்டிலைக் கவிழ்த்து மூடினேன். பச்சையாய்க் கனத்தது. காய்ந்தால் ஏணியில் இறக்கச் சுலபம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த நாலாவதை வெட்டக் கை வரவில்லை. அங்கே ஆடு நுழைய முடியாது. நாளைக்குப் பார்க்கலாம் என்று இறங்கிவிட்டேன். ஷிஃபா கீழே உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்தாள். ஒரே கொத்தை ஆய்ந்ததையே ஆய்ந்துகொண்டிருந்தாள்.

சுல்தான் மறுநாள் சாயங்காலம் கத்தியது. அதற்கடுத்த காலையில் பாபியின் துப்பட்டாவையே மென்றது. அவர் சுவரோரம் வந்து, என்னைப் பார்க்காமல், "டீக் ஹை" என்றார். நன்றாக இருக்கிறது என்கிறார்.

5

குவியலை எடுத்துப் போடலாம் என்று நான் மாடி ஏறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில் சுள்ளென்று விழுந்திருந்தது. ஏணியில் தலை மேலே வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன்.

குவியல் மூச்சு விடுகிறது!

காய்ந்து சுருண்ட ஒவ்வொரு குச்சியிலும், ஒவ்வொரு சருகிலும் நீலக் கோட்டுச் சிறகுகள். கட்டில் கம்பிமேல் வரிசை. இடம் கிடைக்காதவை சுற்றிச் சுற்றிப் பறக்கின்றன. நடுவே பழுப்பு ஒன்று, கறுப்பில் வெள்ளைப் பொட்டு வைத்தது ஒன்று. எங்கிருந்து வந்தன? மித்தி ஆற்றோரத்து மரங்களிலிருந்தா? எப்படித் தெரிந்தது இவற்றுக்கு, இந்தத் தகரக் கூரைகளுக்கு நடுவில், இந்தத் தோல் வாடையில், ஒரு பிடிச் சருகு இங்கே கிடக்கிறது என்று? இவ்வளவு நாள் நான் பூவைக் காட்டிக் கூப்பிட்டிருக்கிறேன். அவற்றுக்கு வேண்டியது பூவே இல்லை.

"ஷிஃபா! ஏளா ஷிஃபா! ஏங்க! ஷப்னம் பாபி!" நான் போட்ட சத்தத்தில் கீழே தையல் மெஷின்கள் நின்றுவிட்டன. யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்துக் காதர் கையில் பசையோடு ஓடி வந்தார். ஷிஃபா ஈரத் தலையோடு ஏறினாள். பாபி சுவரைத் தாண்டியே வந்துவிட்டார். ஒரு பட்டாம்பூச்சி காதரின் பசைக் கையருகே வந்து வட்டமிட்டது. "இரும்மா இரும்மா, ஒட்டிக்கிடுவ" என்று அவர் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

ஷிஃபா படமெடுத்தாள். மேடத்துக்கு அனுப்பினாள். உடனே அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். மேடம் இங்கிலீஷில் சொன்னதை அவள் எங்களுக்குத் தமிழும் இந்தியுமாக மாற்றிச் சொன்னாள். வந்திருப்பது பெரும்பாலும் ஆண் பூச்சிகளாம். ஆட்டுக்கு விஷமான அதே சரக்கை முறிந்து காய்ந்த தண்டிலிருந்து உறிஞ்சுமாம். அதில்தான் பெண் பூச்சிக்குப் பிடித்த வாசனையைச் செய்துகொள்ளுமாம்.

"அச்சா!" என்றார் ஷப்னம் பாபி, முகவாயில் கைவைத்து. "அப்ப இதெல்லாம் கல்யாணத்துக்கு அத்தர் பூச வந்த மாப்பிள்ளைங்க!" அவர் சிரித்தார். அந்த டெம்போப் பயணத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து அவர் சிரித்தது அப்போதுதான்.

மேடம் போனில் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "நான் பார்க்க வேண்டும். வகுப்பில் நாலைந்து பேரையும் கூட்டி வருகிறேன். உன் வீடு சயானில் எங்கே?"

ஷிஃபா என்னைப் பார்த்தாள். நான் குவியலைப் பார்த்தேன். இல்லை மேடம், படம் அனுப்புகிறேன், வீட்டில் விருந்தாளி என்று ஏதாவது சொல்லிவிடுவாளோ? சொன்னாலும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த வயதில் எனக்கும் இப்படி எத்தனையோ கூச்சம் இருந்தது.

"சயான் இல்ல மேடம்" என்றாள். "தாராவி. லொகேஷன் அனுப்பறேன். சந்து வாசல்ல நானே வந்து நிக்கறேன்."

மத்தியானம் வந்தார்கள். பட்டறை வழியாகத்தான் ஏணிக்குப் போகவேண்டும். தோல் சுருள்களையும் பசை டப்பாக்களையும் தாண்டி, மேடம் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார். பின்னாலேயே வந்த ஒரு பெண் பாதி ஏணியில் நின்று, நான் காதரிடம் பேசியதைக் கேட்டுத் திரும்பினாள்.

"மாமி, நீங்க தமிழா? ஷிஃபா! ரெண்டு வருஷமா பக்கத்துல உக்காந்துண்டு இந்தில பேசிண்டிருக்கோமே, ஒரு வார்த்தை சொன்னியா?"

மாட்டுங்காப் பெண், வைஷ்ணவி. "நீயும்தான் சொல்லல!" என்றாள் ஷிஃபா, தமிழில். இருவரும் ஏணியிலேயே சிரித்தார்கள். மேலே போய், முழங்காலிட்டு, இலையின் நுனிப் பள்ளத்தையும் பூவின் முதுகையும் ஷிஃபா எல்லாருக்கும் காட்டியபோது நான் டீ டம்ளர்களோடு ஓரமாக நின்றேன். வீட்டில் அவள் ஒருநாளும் இத்தனை நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நாலாவது தொட்டியை வெட்ட வேண்டாம் என்று சொன்னது ஷப்னம் பாபிதான். தன் வீட்டு ஜன்னல் கம்பிவலையைக் கொண்டுவந்து, நானும் அவருமாகச் சுற்றிக் கட்டினோம். சுவரின் மேலும் வலை ஏறியது. நீங்களும் வளர்ப்பதாக இருந்தால் ஆடு மாடு எட்டாத இடம் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் காயை வாயில் வைக்காமல் பாருங்கள்.

6

அந்தக் கூட்டம் சில நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. காய்ந்ததில் உறிஞ்ச ஒன்றும் மிச்சமில்லை போலிருக்கிறது. மாடி திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

நாலாவது தொட்டியில் காய்கள் முற்றத் தொடங்கியிருந்தன. கீழே முற்றியது, மேலே இன்னும் பூ. மேடத்துக்கும் வைஷ்ணவிக்கும் கொடுக்க ஷிஃபா காய்களைப் பறித்து, மாடியில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தாள். நான் துணி மடித்தேன்.

"அம்மி, இந்தக் காய் சத்தம் போடல."

காதருகே ஆட்டிப் பார்த்தாள். ஒரு காயில் மட்டும் சத்தமே இல்லை. பக்கவாட்டில் ஊசி முனையளவு ஓட்டை. நகத்தால் பிளந்தாள். உள்ளே விதைக்குப் பதில் ஒரு புழு. பச்சையும் பழுப்பும் கலந்து, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது, சாப்பிட்ட களைப்பில் படுத்திருந்தது. நான், "ச்சீ, தூரப் போடு" என்றேன். அவள் போடவில்லை. கண்ணாடிப் பாட்டிலில் இன்னும் ரெண்டு பச்சைக் காயோடு அதை வைத்து, வாயில் துணி கட்டி, அரிசி டப்பா பக்கத்தில் வைத்தாள். சில நாளில் அது கூடாயிற்று. நாங்கள் மூன்று பேரும் எழுந்ததும் முதலில் அந்தப் பாட்டிலைத்தான் பார்த்தோம். காதர்கூட.

இன்று காலையில் கூடு வெறுமையாக இருந்தது. துணியின் உட்புறத்தில் நகத்தளவு பட்டாம்பூச்சி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஷிஃபா பாட்டிலை மார்போடு அணைத்து ஏணியில் ஏற, நாங்கள் பின்னால் ஏறினோம். துணியை அவிழ்த்தாள். அது பாட்டில் விளிம்பில் உட்கார்ந்து வெயிலில் சிறகை விரித்தது. ஊதா கலந்த நீலம். பின்சிறகின் ஓரத்தில் ரெண்டு கறுப்புப் பொட்டு, நூல் மாதிரி ஒரு வால்.

"அன்னைக்கு வந்ததெல்லாம் வெளிய இருந்து வந்ததுங்க. வந்துச்சு, போயிருச்சு" என்றாள் ஷிஃபா, மெதுவாக, அதை விரட்டிவிடக் கூடாதே என்பது போல. "இது அப்படி இல்ல. இது இங்க பொறந்தது."

பட்டாம்பூச்சி எழும்பியது. காற்று அதைச் சுவர்ப்பக்கம் தள்ளியது.

"எங்க போவுது? எங்கம்மா போவுது?" என்று காதர் கழுத்தை நீட்டினார்.

அது திரும்பி, நாலாவது தொட்டியைச் சுற்றிய கம்பிவலையின் ஒரு கண்ணுக்குள் நுழைந்து, மஞ்சள் பூவின்மேல் போய் உட்கார்ந்தது.